பயாப்ஸி ரிப்போர்ட்ல ‘பேரட்ஸ்’னு வந்தா என்ன பண்ணணும்

முதல்ல ஒண்ணு, இது கேன்சர் இல்ல. வயித்து அமிலம் வருஷக்கணக்கா மேல ஏறி ஏறி உணவுக்குழாயோட கீழ்ப்பகுதி உள்தோல் புண்ணாகி, குடல்ல இருக்கற மாதிரி தோலா மாறிடுது, அதான் பேரட்ஸ். நெறைய பேருக்கு இது கேன்சரா மாறவே மாறாது. ஆனா மாறின தோலுக்கு எரிச்சல் அவ்வளவா தெரியாது, அதனால நெஞ்சு கரிப்பு நின்னுடுச்சேன்னு செக்கப்ப விட்றாதீங்க.

ரிப்போர்ட்ல ‘டிஸ்ப்ளேசியா’, அதாவது கேன்சருக்கு முந்தின செல் மாற்றம், இருக்கா இல்லயான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். இல்லன்னா, மாறின பகுதி 3 செ.மீ.க்கு கீழன்னா பொதுவா 5 வருஷத்துல, 3 செ.மீ.யோ மேலயோன்னா 3 வருஷத்துல அடுத்த எண்டோஸ்கோப்பி. ‘லோ கிரேட்’னு, அதாவது அந்த மாற்றம் லேசா இருக்குன்னு இருந்தா, அவசரப்படாம ஸ்லைட (சதைத் துண்ட வச்ச கண்ணாடி) வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட (அத மைக்ரோஸ்கோப்புல பாத்து ரிப்போர்ட் எழுதற டாக்டர்) காட்டுங்க, ஏன்னா வெறும் வீக்கத்தையே சில சமயம் அப்படி படிச்சிடுவாங்க. உறுதியானா அந்த தோல சுட்டு எடுக்கலாம், இல்ல அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கலாம், டாக்டரோட பேசி முடிவு பண்ணுங்க. ‘ஹை கிரேட்’னா, அதாவது மாற்றம் தீவிரமா இருந்தா, தள்ளிப்போடவே கூடாது: மேடா இருக்கறத எண்டோஸ்கோப்பி வழியாவே வெட்டி எடுத்துட்டு மீதிய ரேடியோ அலைச் சூட்டுல கருக்குவாங்க, பெரும்பாலும் வயித்த கிழிக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறமும் செக்கப் உண்டு.

இன்னொண்ணு, பயாப்ஸிக்கு எத்தன சதைத் துண்டு எடுத்தாங்கன்னு கேளுங்க. 2 செ.மீ.க்கு ஒருக்கா சுத்தி 4 பக்கமும் எடுக்கறதுதான் முறை.

பேன்டோப்ரசோல் மாதிரி மாத்திரைய காலைல சாப்பிடறதுக்கு அரைமணி முன்னாடி போடணும், சாப்பிட்டுட்டு போட்டா பலன் கொறையும். நம்ம பக்கம் பழையத குடிச்ச கையோட வயல்ல குனிஞ்சு களை எடுப்பாங்க, அப்ப அமிலம் அப்படியே மேல வரும், கொஞ்சம் ஆற விட்டு எறங்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்க, கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கட்டை வைங்க. தலைகாணிய அடுக்கினா வயிறு மடங்கும், அது சரிவராது.

வெத்தல பாக்கு பொகையில போடறவங்களுக்கு, கூடவே சாராயமும்னா, வர்றது வேற வகை உணவுக்குழாய் கேன்சர். நம்ம நாட்டுல அதான் அதிகம், பேரட்ஸ் இல்லாமலேயே வரும். அதுக்கு எண்டோஸ்கோப்பி பண்றப்ப அயோடின் தெளிச்சு பாப்பாங்க, சாயம் ஏறாத எடத்துலதான் சந்தேகம். டிகிரி காபியும் கொதிக்கக் கொதிக்க வேணாம், 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கறதுக்கும் இந்த கேன்சருக்கும் தொடர்பு இருக்கலாம்ங்கறாங்க.

சோறு எறங்காம அடைக்குது, மலம் கருப்பா போகுது, காரணமில்லாம எடை எறங்குதுன்னா அடுத்த செக்கப் தேதிய பாக்காதீங்க, தஞ்சாவூரோ திருச்சியோ, அந்த வாரமே கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டர்கிட்ட போயிடுங்க.