பழைய போன் ரிசீவரின் மைக்கை மறுபடி பேச வைக்கலாம்

டயல் சுழற்றும் கறுப்பு போன் பரணில் கிடக்கிறதா? அதன் மைக்கில் பேசிப் பதிவு செய்தால், ட்ரங்க் கால் காலத்துக் கரகரப்பு எந்த ஃபில்டரும் போடாமலே கிடைக்கும். ஆனால் நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் சத்தம் வராது. உள்ளே இருப்பது கரித்துகள். அது தானாக மின்சாரம் தராது. நாம் பேசும்போது தகடு அதிர்ந்து துகள்களை நெருக்கும், தளர்த்தும். அதற்கேற்ப மின்தடை ஏறி இறங்கும், அவ்வளவுதான். மின்சாரத்தை நாம்தான் செலுத்த வேண்டும். அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் கொடுத்தது. நமக்கு நான்கு பென்சில் செல், 6 வோல்ட் போதும்.

முதலில் ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றுங்கள். வட்ட டப்பி ஒன்று கையில் விழும். காதருகே ஆட்டிப் பாருங்கள், மணல் மாதிரி சரசரத்தால் கார்பன் மைக்தான்.

அடுத்து மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து, டப்பியின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு ஊதுங்கள். எண் தாவ வேண்டும். என்னுடையது அசையவே இல்லை. துகள்கள் ஈரத்தில் கட்டிப்போயிருந்தன. மேசை விளிம்பில் ஐந்தாறு முறை லேசாகத் தட்டியதும் 120 ஓம் பக்கம் ஆட ஆரம்பித்தது.

சரி, இப்போது இணைப்பு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனை மைக்கின் ஒரு முனைக்கு; மைக்கின் இன்னொரு முனை பேட்டரி மைனஸுக்கு. மைக்குக்குப் பிளஸ், மைனஸ் பேதமில்லை. சால்டர் வேண்டாம், மைக்குக்குச் சூடு ஆகாது. முதலை கிளிப் போதும்.

ரெசிஸ்டரும் மைக்கும் சேரும் இடத்தில்தான் சிக்னல் இருக்கிறது. அங்கே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் பிளஸ் காலை மாட்டுங்கள். மைனஸ் கால் ஆடியோ ஒயரின் நடுக்கம்பிக்கு, அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலை பேட்டரி மைனஸுக்கு. கெபாசிட்டரின் மைனஸ் காலிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால், செருகும்போது வரும் ‘டொப்’ சத்தம் குறையும்.

இந்த ஆடியோ ஒயரைக் கம்ப்யூட்டரின் லைன்-இன் சாக்கெட்டில் செருகுங்கள். மைக் சாக்கெட் வேண்டாம், அதற்கு இந்தச் சிக்னல் அதிகம். உயிருள்ள போன் லைனில் மட்டும் சோதிக்காதீர்கள். மணியடித்தால் கையை உதற வைக்கும்.

பேசும்போது போன் பிடிக்கிற மாதிரியே பிடியுங்கள். படுக்க வைத்தால் துகள் ஒரு பக்கம் ஒதுங்கி, குரல் மங்கும். இரைச்சல் தாங்க முடியவில்லை என்றால் 220-க்குப் பதில் 470 ஓம் போடுங்கள். குரலும் கொஞ்சம் குறையும். வேலை முடிந்ததும் ஒரு செல்லைக் கழற்றிவிடுங்கள், பேசாவிட்டாலும் 20 மில்லி ஆம்ப் அளவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.