சாரம் கட்டப் பழகுவது: முதல் பாடம் தரையில்

"சாரம் கட்டுறதையும் ஆரும் படிக்கிறதா மனே?" என்று அம்மம்மா கேட்டார். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சாரம் என்றால் இடுப்பில் உடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். கட்டடத்தைச் சுற்றிக் குழாயும் பலகையும் கட்டுவதற்கும் அதே பெயர் என்று விளங்கப்படுத்தியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "விழுந்தா?" என்றார்.

அப்போது எனக்கு 26 வயது. களுவாஞ்சிகுடியில் ஒரு தொலைபேசிக் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டும் உடைந்த கண்ணாடி மாற்றிக்கொண்டும் இருந்தேன். இப்போது குழாய்ச் சாரம் கட்டுகிறேன். வேறு வேலையில் இருந்து இதற்கு வர நினைக்கும் தம்பிமார் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, உயரம் பழகுமா என்பது. பழகும். நீங்கள் கேட்க வேண்டியது, காலுக்குக் கீழே மண் எப்படி என்பதைத்தான். சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

1. எப்போது, யாரிடம் சேருவது

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் சேருங்கள். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை எங்கள் கரையில் மழைக்காலம். பழைய ஆட்களே வேலையில்லாமல் இருக்கும் நேரத்தில் புதியவனை யாரும் எடுக்கமாட்டார்கள்.

சின்ன வீட்டு வேலையில் மேசன் பாஸே தன் கையாளை வைத்துக் கமுகு மரத்தில் சாரம் கட்டிவிடுவார். அதுவும் நல்ல கைவேலைதான். கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கயிறும் மரமுமாக ஏறி நிற்கும் சாரத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பொறாமை வரும். ஆனால் இதையே தொழிலாக வைத்திருக்க நினைத்தால் இரும்புக் குழாய் வைத்திருக்கும் குழுவிடம் போங்கள். பாசிக்குடா ஹோட்டல்கள், கல்முனையின் மாடிக் கடைகள், நீர்த்தாங்கிகள் போன்ற வேலைகள் அவர்களிடம்தான் போகும்.

சேரும் நாளிலேயே ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கான 3 வீதமும் முதலாளியுடையதே. நாட்கூலிதானே என்று மழுப்பினால் அந்த இடத்தைப் பற்றி இன்னொருமுறை யோசியுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் கேட்கவில்லை, ஒரு வருடம் போயிற்று.

2. முதல் மாதம் சுமையும் சாக்கும்

உங்களை மேலே ஏற்றமாட்டார்கள். ஏற்றினால் அந்தக் குழு சரியில்லை. லொறியில் இருந்து குழாய் இறக்குவதும், குழாய்களைப் பூட்டும் இரும்புப் பிடியான கிளாம்பைச் சாக்கில் இருந்து எடுத்துப் பிரிப்பதும்தான் வேலை.

குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீற்றர். தடிப்பு 4 மில்லிமீற்றர் என்றால் 20 அடிக் குழாய் ஒன்று ஏறக்குறைய 26 கிலோ. தோளில் துவாய் போட்டு, நடுவைப் பார்த்துத் தூக்கி, முன்நுனியைக் கொஞ்சம் உயர்த்தி நடக்க வேண்டும். திரும்பும்போது பின்னால் குழாயின் மறுநுனியும் திரும்புகிறது என்பதை முதல் கிழமையில் எல்லோரும் மறப்பார்கள். நான் ஒரு சைக்கிளை விழுத்தினேன்.

கிளாம்பில் மூன்று வகையைப் பழகினால் தொடங்கப் போதும். இரண்டு குழாயை நேர்க்கோணத்தில் பிடிப்பது டபிள். எந்தக் கோணத்துக்கும் திரும்புவது சுவிவல். இரண்டு குழாயின் நுனிகளை ஒட்டுவது சிலீவ். பாரம் தாங்கும் மூட்டில் டபிள்தான் போட வேண்டும். டபிள் முடிந்துவிட்டதென்று சுவிவலைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. கடற்காற்றில் கிளாம்பின் புரியாணி (போல்ட்) சீக்கிரம் துருப்பிடிக்கும், ஓய்வு நேரத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். வளைந்த குழாய், வெடித்த கிளாம்ப், தேய்ந்த புரியைப் புறம்பாக எடுத்து வைத்து பாஸிடம் காட்டுங்கள். கிளாம்பைப் பார்த்து 21 அல்லது 22 மில்லிமீற்றர் ஸ்பானர் வாங்கி, வாரில் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். கீழே நிற்பவனின் தலைக்காகத்தான் அந்தக் கயிறு.

3. கால் வைப்பது

இங்கே கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. யாருடைய கொந்தராத்து என்பது வேண்டாம். அவசரத்தில் சாரத்தின் கால்களுக்குக் கீழே, அதாவது நிற்கும் குழாய்களுக்குக் கீழே, பாதிச் செங்கல் வைத்துக் கட்டினோம். இரவு மழை. கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் வடிந்து மணலைத் தோண்டியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கால் நான்கு விரல் அளவு இறங்கி, சாரம் சுவரை விட்டு வெளியே சாய்ந்து நிற்கிறது. ஏழு மணி, யாரும் ஏறவில்லை. அன்றைக்கு முழுக்க அதைக் கழற்றினோம்.

வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையின் மணலில் செய்ய வேண்டியது இதுதான். மேலே கிடக்கும் இளகிய மணலை வழித்து, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்குங்கள். அதன் மேல் 6 அடிப் பலகையைச் சுவருக்குச் செங்குத்தாகக் கிடத்தி, உள்கால் வெளிக்கால் இரண்டையும் ஒரே பலகையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே பேஸ் பிளேற் என்ற இரும்புத் தகடு. அது 15 சென்ரிமீற்றர் சதுரம்தான்; 22.5 சென்ரிமீற்றர் அகலமான அந்தப் பலகை அதே பாரத்தை ஏறக்குறைய 9 மடங்கு பரப்பில் இறக்கும். செங்கல், கல், பெயின்ற் வாளி எதையும் காலுக்குக் கீழே வைக்காதீர்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழும் என்று அண்ணாந்து பாருங்கள். கழிவுக் குழிக்கு மேல் கால் நிற்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண், வெயிலில் கல்லாக இருக்கும், மழை பெய்தால் களியாகிவிடும்.

4. முதல் தட்டு

நிற்கும் குழாய்களை ஏறக்குறைய 2 மீற்றருக்கு ஒன்றாக நிறுத்தி, தரையோடு ஒட்டி ஒரு சுற்றுக் குழாய் போட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேர் பாருங்கள். முதல் தட்டில் ஒரு விரல் பிசகினால் நான்காம் தட்டில் அது நான்கு விரலாகிவிடும். பிறகு 2 மீற்றர் உயரத்தில் நீளக் குழாய், அதன்மேல் குறுக்குக் குழாய், மூலைவாட்டுக் குழாய். உயரப் போகப் போகச் சுவரோடு பிடித்துக் கட்ட வேண்டும், இரண்டு கட்டுக்கு இடையில் 4 மீற்றருக்கு மேல் விடக்கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தூசிக்கு மறைப்பாகப் படங்கு கட்டச் சொல்வார்கள். படங்கு கட்டினால் சாரம் பாய்மரம்தான். அதற்கு முன்பே சுவர்க் கட்டுகளைக் கூட்டுங்கள்.

மின்கம்பி பக்கத்தில் போனால் வேலையை நிறுத்துங்கள். 20 அடி இரும்பு கையில் இருக்கிறது.

5. பலகை, வேலி, ஏணி

38 மில்லிமீற்றர் பலகைக்கு 1.2 மீற்றருக்கு ஒரு தாங்கி வேண்டும். நுனி தாங்கிக்கு வெளியே 5 முதல் 15 சென்ரிமீற்றர் வரை நீட்டலாம். அதைவிட நீண்டால் மிதித்ததும் கவிழும். வேலிக் குழாய் குறைந்தது 95 சென்ரிமீற்றர் உயரத்தில், நடுவில் இன்னொன்று, அடியில் 15 சென்ரிமீற்றர் கால்பலகை. ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியே, மேல்தட்டைத் தாண்டி 1 மீற்றர் நீட்டி நிற்க வேண்டும்.

சாதாரண வேலைச் சாரம் சதுர மீற்றருக்கு 200 கிலோவுக்குத்தான் கட்டப்படும். நான்கு சீமெந்துப் பை வைத்தாலே கணக்கு முடிந்தது, மேசன் நிற்க இடமில்லை. மேசன்மார் கல்லை ஒரே இடத்தில் அடுக்குவார்கள். வயதில் மூத்தவர் என்று பார்க்காமல், "அண்ணன், பரப்பி வையுங்கோ" என்று சொல்லிப் பழகுங்கள். சாரம் கட்டிய பிறகும் கிழமைக்கு ஒருமுறையும், பெருமழை பெரும்காற்றுக்குப் பிறகும் காலில் இருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

6. கடதாசி

ஒன்றிரண்டு வருடம் போனதும், செய்த வேலைகளின் படங்களையும் முதலாளியின் கடிதத்தையும் சேர்த்து வைத்து, தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் முன்கற்றல் அங்கீகாரம் பற்றி விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமல், கைத்திறனைச் சோதித்துத் தேசியத் தொழிற்தகைமை பெறும் வழி அது. வளைகுடாவில் சில கம்பனிகள் சாரத் தொழிலாளருக்கான பிரித்தானியாவின் சி.ஐ.எஸ்.ஆர்.எஸ். பதிவு அட்டையைக் கேட்கும். எங்கே போனாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள்.

7. கழற்றுவது

கட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்ற வேண்டும். சுவர்க் கட்டை அந்தத் தட்டு வரும்வரை தொடக்கூடாது. குழாயைக் கையோடு கை மாற்றியோ கயிற்றிலோ இறக்குங்கள், எறிய வேண்டாம். கடைசியில் கிளாம்ப் எண்ணிச் சாக்கில் போடும்போது எப்படியும் இரண்டு மூன்று குறையும். குறைந்ததன் விலை கூலியில் கழியும். அதற்கு நான் ஒரு பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுக்கிறேன். தொலைபேசிக் கடையில் இருந்து இந்தத் தொழிலுக்கு நான் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான்.