மழைக்கு முன்னால் முடியுங்கள்: பழைய ஃபோட்டோ, நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன் செய்யும் வழி

போன ஜனவரியில் எங்கள் மாட்டுங்கா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று புளிப்பு வாடை. உள்ளே அப்பாவின் நெகட்டிவ் சுருள்கள். பழைய அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியேறும், வினிகரில் இருப்பதும் அதுதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். மும்பையில் இரண்டுக்கும் குறைவில்லை. அந்த ஆவி டின்னில் இருக்கும் மற்ற சுருள்களையும் கெடுக்கும்.

எனவே முதல் வேலை மோந்து பார்ப்பது. புளிப்பு வாடை அடிப்பதைத் தனியாக எடுத்துவையுங்கள். ஸ்கேன் செய்யும் வரிசையில் அதற்குத்தான் முதலிடம். அழகான கல்யாண ஆல்பம் காத்திருக்கலாம்.

ஆல்பம் கைவசம் இருந்தாலும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. குர்லாவில் தரைத்தளத்தில் இருந்த சித்தியின் கல்யாண ஆல்பம் அன்று கூழாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தில் அப்பா தன் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த ஒரு சுருள் மட்டும் இந்த டின்னில் கிடந்தது. பன்னிரண்டு படம். சித்தியிடம் இப்போது இருப்பது அவ்வளவுதான்.

வேலைக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூனில் ஆரம்பித்தால் ஸ்கேனர் கண்ணாடியே வியர்த்திருக்கும்.

யந்திரத்துக்கு முன்னால் பெரியம்மா

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து எல்லாப் படத்தையும் காட்டுங்கள். மொபைலில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, படத்தின் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டுங்கள். படத்துக்கு ஓர் எண் வைத்து அதை உரக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் பதிவைத் திரும்பக் கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. எனக்கு முதல் நாள் அப்படித்தான் ஒரு மணி நேரம் வீணாயிற்று. நாற்பது வருடமாக நாங்கள் அத்தை என்று நினைத்த படத்தைப் பார்த்து, "இது உங்க அத்தை இல்லலே, அத்தையோட நாத்தனா" என்றார் பெரியம்மா. எந்த ஸ்கேனரும் இதைச் சொல்லாது.

ஆண்டு நினைவில்லையா? படத்தின் பின்பக்கம் உதவும். ஸ்டுடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சான படம். பின்கோடு அன்றுதான் வந்தது. அதற்கு முன் மாட்டுங்காவுக்கு 'பம்பாய் 19' என்று எழுதுவார்கள். பிற்பாடு அதுவே 400019 ஆனது. பழைய முத்திரையைப் பல வருடம் ஓட்டிய கடைகளும் இருந்திருக்கும், ஆகவே 'பம்பாய் 19' இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். படத்தில் ரயில்வே பலகை தெரிந்தால் அதையும் படியுங்கள். ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே 1951-ல் மத்திய ரயில்வே ஆனது. பணிமனையில் தாத்தா நிற்கும் படத்துக்கு இப்படித்தான் காலம் குறித்தோம். எழுத்து இருந்தால் பின்பக்கத்தையும் தனியாக ஸ்கேன் செய்துவிடுங்கள்.

துடைப்பது

காற்று ஊதும் ரப்பர் பம்ப், மென்மையான பிரஷ், இரண்டும் போதும். தண்ணீர் வேண்டாம், கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். நெகட்டிவில் பூஞ்சை படர்ந்திருந்தால் தேய்க்காதீர்கள். பூஞ்சை தின்பது படம் பதிந்திருக்கும் ஜெலட்டினைத்தான். தேய்த்தால் படமும் சேர்ந்து வரும். அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், கறையைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். நான் முயன்றேன். தாத்தாவின் வலது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதைக் கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்திருக்க வேண்டும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கு, பல் இடுக்கில் விடும் நூலை அடியில் நுழைத்து ரம்பம் மாதிரி மெதுவாக இழுக்கலாம். அசையவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

காகிதப் படங்கள்

கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்து வைக்கும் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனர் போதும். 600 டிபிஐ (dpi, ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) வையுங்கள். 4x6 அங்குலப் படம் 2400x3600 பிக்சலாக வரும், கிட்டத்தட்ட 86 லட்சம் பிக்சல். பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு மட்டும் 1200. அதற்கு மேல் ஏற்றினால் காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பு நிறமும் கறையும் அப்படியே பதிவாகும். தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். மூலப் பிரதியை, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஒரு படம் சுமார் 26 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து சின்னதாக ஒரு ஜேபெக் (JPEG) கோப்பு எடுத்துக்கொள்ளலாம். நிறம் திருத்துவதும் பிரதியில்தான். 70கள், 80களின் கலர் படங்கள் பலவும் சிவந்து கிடப்பதற்குக் காரணம், மூன்று சாயங்களில் சயான் என்ற நீலப்பச்சை முதலில் வெளிறுவது. இதைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலியை எடுத்துக்கொள்ளலாம். நான்கு மூலைப் புள்ளிகளைக் காட்டினால் பளபளப்பை நீக்கித் தரும். ஊருக்குப் போன இடத்தில் அவசரத்துக்கு நல்லது.

நெகட்டிவும் ஸ்லைடும்

இதற்குச் சாதாரண ஸ்கேனர் உதவாது. வெளிச்சம் ஃபிலிமை ஊடுருவி வர வேண்டும், எனவே மூடியிலும் விளக்கு உள்ள வகை தேவை. எப்சன் வி600 அப்படிப்பட்டது. 35 எம்எம், ஸ்லைடு, அகலமான 120 ஃபிலிம் மூன்றும் போடலாம். விலை அதிகம்தான். நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து வாங்கினோம்.

35 எம்எம்முக்கு 2400 டிபிஐ வைத்தால் சுமார் 77 லட்சம் பிக்சல் கிடைக்கும். ஆக்ஃபா கிளிக் மாதிரி பெட்டிக் கேமராக்களின் 6x6 சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு 1200-லேயே 70 லட்சம் வந்துவிடும். அந்த எளிய லென்ஸிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

ஃபிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒன்று பளபளக்கும், மற்றது மங்கல். எது எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஓரத்து எழுத்தைப் பாருங்கள். அது நேராகப் படிக்க வந்தால் படமும் நேராக இருக்கிறது. இதைக் கவனிக்காமல் நான் ஒரு சுருள் முழுக்க எல்லோரையும் இடது கையால் சாப்பிட வைத்துவிட்டேன்.

தூசியைத் தானே நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி கலர் ஃபிலிமுக்கு அருமை. கறுப்பு வெள்ளைக்கு அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்புக் கதிரால் தூசியைத் தேடுகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக இருக்கும் வெள்ளித் துகளும் அக்கதிரை மறிப்பதால் படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்ளும்.

டின்னில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் ஒரு சிக்கன வழி உண்டு. பழைய மொபைல் திரையை வெள்ளையாக்கி வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடித் துண்டை நிறுத்தி, அதன்மேல் நெகட்டிவை வைத்து இன்னொரு மொபைலில் படம் எடுங்கள். இடைவெளி விடாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். பிறகு கிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் நிறத்தைத் தலைகீழாக்குங்கள். கலர் நெகட்டிவ் நீலமாக வந்தால் பதற வேண்டாம், ஃபிலிமின் ஆரஞ்சு நிறம்தான் அப்படித் திரும்பியிருக்கிறது.

பெயரும் பிரதியும்

கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: 1968-05_சித்தி-கல்யாணம்_04. மாதம் தெரியாவிட்டால் ஆண்டு மட்டும், ஆண்டும் தெரியாவிட்டால் 196x. யார் யார் என்பதை இடமிருந்து வலமாக அதே ஃபோல்டரில் ஓர் எழுத்துக் கோப்பில் எழுதிவிடுங்கள். அன்றன்றைக்கு ஸ்கேன் செய்ததற்கு அன்றன்றைக்கே பெயர். சேர்த்து வைத்தால் நடக்காது.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில். எங்களுடையது திருநெல்வேலியில் சித்தப்பாவின் பீரோவில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கிறோம்.

ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்களைக் காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புளிப்பு வாடை வந்தவை மட்டும் வேறு டப்பாவில். ஜூன் பிறப்பதற்குள் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.