வேலையை விடும் முன் போனில் ஒரு வேலை

ஆபீஸை விட்டுக் கிளம்பும் வாரத்திலேயே, தினமும் கூட டீ குடித்த அந்த நாலு பேரின் எண்கள் உங்கள் போனில் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். ஆபீஸ் மெயிலில் இருந்தால் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அந்தக் கணக்கைப் போனிலிருந்து எடுத்ததும் அதில் இருந்த எண்களும் கூடவே போய்விடும். டீம்ஸ் சாட்டும் பெரும்பாலும் அன்றைக்கே மூடிவிடும், அப்புறம் ‘மச்சான், எங்கடா இருக்க’ என்று கேட்கக்கூட வழியிருக்காது. அவர்கள் வைத்திருப்பது கம்பெனி சிம் என்றால் இது உதவாது, அவர்களும் ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார்கள், அதனால் சொந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள் (பிறந்தநாளையும் குறித்துக்கொண்டால் வருடத்துக்கு ஒரு போனுக்காவது சாக்கு கிடைக்கும்). வாடிக்கையாளர் எண்களை மட்டும் இப்படி மாற்றாதீர்கள், அது வேறு வம்பு.