கண் மங்கிய அப்பாவின் கையில் போன்: எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பெரியவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதா? எடுத்த எடுப்பில் போனில் டாக்பேக்கைப் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதி) போட்டுக் கொடுக்காதீர்கள். விரல் பட்ட இடமெல்லாம் அது பேசும். மனிதர் மிரண்டு போனை ஓரமாக வைத்துவிடுவார். எது கைவிட்டுப் போனதென்று அவர் வருந்துகிறாரோ, அங்கே ஆரம்பியுங்கள். எங்கள் அப்பாவுக்கு அது மும்பை மாட்டுங்கா மார்க்கெட். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் முற்றிய பிறகும் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்க அவரை விட்டால் ஆளில்லை. மீதிப் பணத்தை வாங்கும்போதுதான் தடுமாறுவார்.

அதனால் முதலில் 'மணி' ஆப். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது, இலவசம். கேமராவுக்கு முன்னால் நோட்டைப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். பாதியாக மடித்திருந்தாலும் சொல்லும். இணையம் தேவையில்லை. மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். கள்ள நோட்டைக் காட்டிக்கொடுக்காது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழக்குவதற்கு ஜன்னலோரம் நல்ல இடம். நோட்டை மேசையில் விரித்து, போனை அதன்மேல் படுக்க வைத்து, நேராக ஒரு சாண் உயர்த்தச் சொல்லுங்கள். நோட்டு தானாகவே கேமராவுக்குள் வந்துவிடும். அந்தரத்தில் ஒரு கையில் நோட்டும் மறு கையில் போனுமாகப் பிடிக்கச் சொன்னால் வெறுத்துப்போவார். விரலுக்கும் வேலை கொடுக்கலாம்: புது வரிசை 100 ரூபாயின் ஓரத்தில் 4 சாய்கோடுகள் தடித்திருக்கும், 500-இல் 5. நோட்டு நைந்துவிட்டால் கோடு கைக்குத் தட்டுப்படாது; அப்போது மணிதான் கதி.

இது கைவந்த பிறகு டாக்பேக். அதற்கு முன், எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கி, வேகத்தை நன்றாகக் குறையுங்கள். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் டாக்பேக் வரவும் போகவும் குறுக்குவழி வைத்துக் கொடுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டாலும் தானே வெளியே வந்துவிடலாம் என்று தெரிந்தால்தான் பயம் போகும். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். முதல் வாரத்துக்கு இது போதும். பேரன் பேத்திகள் "குடுங்க தாத்தா, நான் பண்றேன்" என்று போனைப் பிடுங்கினால், தயவுதாட்சண்யம் பார்க்காமல் விரட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டாக்பேக்குக்கு ரகசியம் தெரியாது. ஓடிபி வந்தால் லோக்கல் ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிடும். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் வராதபடி மறையுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன். மறு காது தெருவுக்கு வேண்டும்.

அடுத்து 'பி மை ஐஸ்'. 2015-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. வீடியோவில் அழைத்தால் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் நம் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். பதிவு செய்யும்போது மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுத்துக் கொடுத்தால் விவரிக்கும் செயற்கை நுண்ணறிவும் 2023 முதல் அதில் இருக்கிறது. சட்டை என்ன நிறம், கதவில் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது என்பதற்கெல்லாம் அது அருமை. மாத்திரைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லும் குணம் அதற்கு உண்டு. 5 மில்லிகிராமை 50 என்று வாசித்தால் யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு டப்பாவுக்கு இரண்டு. கண் சொட்டு மருந்து தனியாக ஃப்ரிட்ஜ் கதவில்.

வங்கி ஆப்பைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். பின் எண்ணை நீங்கள் போட்டுக் கொடுக்கிற நிலை இருக்கும்வரை அது அவருடைய ஆப் அல்ல.

சொல்லிக்கொடுக்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லையா? மும்பையில் என்றால், வொர்லியில் நேஷனல் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் என்ற பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1952-இல் தொடங்கியது. கோட்டைப் பகுதி செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே ஒரு வள மையம் உண்டு. தமிழில் விளக்க ஆள் கிடைப்பாரா என்று போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் இந்தி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கும்.