ஸ்டேட் ரீஃபண்ட் வந்துச்சா? ஃபெடரல் ரிட்டர்ன்ல போடறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

ஜனவரி கடைசில ஸ்டேட்லேருந்து 1099-ஜி வரும் (ஸ்டேட் வரில உங்களுக்கு எவ்வளவு ரீஃபண்ட் குடுத்தாங்கன்னு சொல்ற ஃபார்ம்), அமெரிக்கால புதுசா டாக்ஸ் ஃபைல் பண்றவங்க நிறைய பேர் அதோட பாக்ஸ் 2ல இருக்கற தொகைய அப்படியே வருமானமா போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. நீங்க கூடுதலா கட்டின காசுதான் திரும்பி வந்திருக்கு. போன வருஷ ஃபெடரல் ரிட்டர்ன்ல (மத்திய அரசுக்குப் போடற வரிக் கணக்கு) அந்தக் காச வருமானத்துலேருந்து கழிச்சு, அதனால வரி குறைஞ்சிருந்தா மட்டும்தான் இப்ப அதுக்கு வரி கட்டணும்.

அதனால முதல் வேலையா போன வருஷ ரிட்டர்ன எடுத்து வைங்க. 2025ல கைக்கு வந்த ரீஃபண்டுன்னா 2024 ரிட்டர்ன், எந்த வருஷத்துக்கான ரீஃபண்டுன்னு பாக்ஸ் 3லயே இருக்கும். அந்த ரிட்டர்னோட முக்கிய ஃபார்ம் 1040, அதுல லைன் 12 பாருங்க, அங்க செலவுக் கணக்கு காட்டாம கழிக்கற நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தீங்கன்னா (2024க்கு தனி ஆளுக்கு 14,600 டாலர், கணவன் மனைவி சேந்து போட்டா 29,200) வேலை முடிஞ்சுது, அந்த ரீஃபண்ட ஃபெடரல்ல காட்டவே வேண்டாம், ஃபார்ம மட்டும் பத்திரமா ஃபைல்ல வச்சுக்கோங்க.

ஷெட்யூல் ஏங்கற ஃபார்ம் போட்டு ஐட்டமைஸ் பண்ணியிருந்தாதான், அதாவது செலவுகள ஒவ்வொண்ணா பட்டியல் போட்டு கழிச்சிருந்தாதான் கணக்கு. அதுலயும் லைன் 5ஏல இன்கம் டாக்ஸுக்கு பதிலா சேல்ஸ் டாக்ஸ் எடுத்திருந்தா இந்த ரீஃபண்டுக்கு வரி இல்ல. இன்கம் டாக்ஸ்தான் எடுத்தீங்கன்னா ஒரு உதாரணம் சொல்றேன். கணவன் மனைவி சேந்து போட்ட 2024 ரிட்டர்ன்ல ஸ்டேட் டாக்ஸ் 7,000, ப்ராபர்ட்டி டாக்ஸ் 2,500, வீட்டு லோன் வட்டி 20,300, மொத்தம் 29,800. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன விட 600தான் கூட. இப்ப ரீஃபண்ட் 1,000 வந்திருந்தாலும் வருமானமா காட்ட வேண்டியது 600தான், ஏன்னா ஐட்டமைஸ் பண்ணதால உங்களுக்கு கெடச்ச லாபமே அவ்வளவுதான்.

இன்னொன்னு, 10,000 டாலர் உச்சவரம்பு. 2018லேருந்து 2024 வரைக்கும் ஸ்டேட் டாக்ஸும் ப்ராபர்ட்டி டாக்ஸும் சேந்து அதுக்கு மேல கழிக்க முடியாது. ரெண்டும் சேத்து நீங்க 13,000 கட்டியிருந்து 1,200 ரீஃபண்ட் வந்திருந்தா, அதக் கழிச்சாலும் 11,800, அப்பவும் உங்களுக்கு கெடச்சிருக்கப்போறது அதே 10,000தான், அதனால வரி பூஜ்யம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி பக்கம் சொந்த வீடு வச்சிருக்கறவங்க இத கட்டாயம் பாக்கணும். 2025 ரிட்டர்னுக்கு வரம்ப 40,000 ஆக்கிட்டாங்க (வருமானம் ரொம்ப அதிகம்னா குறையும்), அதனால 2025 வரிக்காக 2026ல வர்ற ரீஃபண்டுக்கு வரி கட்ட வேண்டியவங்க அதிகமாவாங்க.

கணக்கு போட, 1040 கூட இணைக்கற ஷெட்யூல் 1 இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்லயே ஒர்க்‌ஷீட் இருக்கு, வர்ற விடைய ஷெட்யூல் 1 லைன் 1ல போடுங்க. சாஃப்ட்வேர் யூஸ் பண்ணா போன வருஷ நம்பரெல்லாம் கேக்கும், அத ஸ்கிப் பண்ணாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சாஃப்ட்வேர் மாத்தினாரு, பழைய விவரம் எதுவும் அதுல இல்ல, அது பாட்டுக்கு முழுத் தொகையையும் வருமானத்துல சேத்துடுச்சு, அவர் போன வருஷம் எடுத்ததோ ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். அப்புறம் திருத்தின ரிட்டர்னுக்கான 1040-எக்ஸ் போட்டுதான் சரி பண்ணாரு.

நம்ம ஆளுங்க அதிகம் மாட்டறது 1040-என்ஆர்லதான், அதாவது வரிக்கு நான்-ரெசிடென்ட்டா இருக்கறவங்க போடற ஃபார்ம். எச்1பில வருஷத்து நடுவுல வந்து முதல் வருஷம் நான்-ரெசிடென்ட்டா ஃபைல் பண்ணவங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கெடையாது, ஸ்டேட் டாக்ஸதான் கழிச்சிருப்பீங்க, அதனால அடுத்த வருஷம் வர்ற ரீஃபண்ட் பெரும்பாலும் முழுசா வருமானம்தான். இந்தியாலேருந்து எஃப்1 விசால வந்த ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தோட ஆர்ட்டிக்கிள் 21 படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தா கவலை இல்ல.

ரீஃபண்ட கைல வாங்காம அடுத்த வருஷ வரிக்கு மாத்தச் சொல்லியிருந்தாலும் பாக்ஸ் 2ல அது இருக்கும், வாங்கின மாதிரிதான் கணக்கு. ஸ்டேட் லேட்டா அனுப்பினதுக்கு வட்டி குடுத்திருந்தா அந்த வட்டிக்கு மட்டும் எப்பவுமே வரி உண்டு, நீங்க ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தாலும் சரி, அது மத்த வட்டியோட 1040 லைன் 2பில சேரும். தபால்ல 1099-ஜி வரலன்னா ஸ்டேட்டோட டாக்ஸ் வெப்சைட்ல லாகின் பண்ணிப் பாருங்க, பல ஸ்டேட்ல இப்ப அங்கதான் போடறாங்க.