'சார்ஜ்' என்ற சொல்லிடம் நான் பட்ட பாடு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு சூப்பர்வைசர் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அதில் ஒரு வரி: 'ஐ ஆம் இன் த சார்ஜ் ஆஃப் டூ ஹெல்பர்ஸ்.' நேர்காணலில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, "ஏம்பா, ரெண்டு ஹெல்பருங்க சேர்ந்து உன்னப் பாத்துக்கறாங்களா?" என்றார். வேலூருக்குத் திரும்பி, அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்தச் சொல்லை ஒரு வழி பண்ணினேன்.

போன் சார்ஜ் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: 'சுமை' என்று மனதில் வையுங்கள். வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்துதான் சார்ஜ் பிறந்தது. கப்பல் சரக்கைச் சொல்லும் 'கார்கோ' அதற்கு உடன்பிறப்பு. நாமும் 'சார்ஜ் ஏறுது' என்றுதானே சொல்கிறோம், லாரியில் லோடு ஏறுகிற மாதிரி!

படி 2: எந்தச் சுமை என்று பாருங்கள். பணமானால் கட்டணம். குற்றத்தைச் சுமத்தினால் குற்றச்சாட்டு. வேலையைத் தலையில் கட்டினால் பொறுப்பு. லத்தி சார்ஜ் மட்டும் இதில் லேசில் அடங்காது. பாய்ந்து தாக்குவது என்று தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 3: பின்னால் வரும் குட்டிச் சொல். லாட்ஜ்காரர் ரூமுக்குப் பணம் வாங்கினால் 'சார்ஜ்டு மீ ஃபார் த ரூம்'. போலீஸ் திருட்டு வழக்குப் போட்டால் 'சார்ஜ்டு ஹிம் வித் தெஃப்ட்'. குற்றத்துக்கு 'ஃபார்' போடாதீர்கள்.

படி 4: நான் விழுந்த பள்ளம். 'த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த பேஷண்ட்' என்றால் நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். 'த பேஷண்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்' என்றால் நோயாளி நர்ஸின் பொறுப்பில் இருக்கிறார். நடுவில் ஒரு 'த' நுழைந்ததும் சுமப்பவர் சுமையாகிவிடுகிறார். நான் எழுதிய வரியில் நான்தான் சுமை! சந்தேகம் வந்தால் 'ஐ சூப்பர்வைஸ்' என்று எழுதிவிட்டுப் போங்கள். இப்போது நான் அதைத்தான் செய்கிறேன்.

காட்பாடிக்கு 'பஸ் சார்ஜ்' எவ்வளவு என்று நாம் கேட்போம். ஆங்கிலத்தில் அது 'ஃபேர்'. டாக்டருக்குக் கொடுப்பது 'ஃபீ'.

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பாதீர்கள். பத்து அர்த்தத்தை ஒரே வரியில் கொட்டிவிடும், எது எங்கே என்று சொல்லாது. வாக்கியத்தோடு காட்டும் ஆங்கில-ஆங்கில அகராதிதான் என் கட்சி.

பின்சேர்க்கை: 'டிஸ்சார்ஜ்' பற்றி எழுதவே இல்லையே என்று தோல் ஷாப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயம்தான், ஆஸ்பத்திரி ஊரில் தினமும் காதில் விழுகிற சொல். சுமையை இறக்குவதுதான் டிஸ்சார்ஜ். நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான், தோல் தொழிற்சாலை கழிவுநீரை வெளியே விடுவதும் அதுதான். சுத்திகரிக்காத கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்தச் சண்டை முழுக்க இந்த டிஸ்சார்ஜைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கை: 'அம்மா நேத்து டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க' என்பதை அப்படியே 'ஷீ டிஸ்சார்ஜ்டு' என்று எழுதாதீர்கள், அம்மா யாரையோ அனுப்பியதாக ஆகிவிடும். 'ஷீ வாஸ் டிஸ்சார்ஜ்டு.' அந்த 'வாஸ்' கட்டாயம்.